ஆற்று மணலில் தங்கம் விளைகிறதா, வந்து சேர்கிறதா?

பந்தலூரான்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் உள்ள கேள்வி, தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

எங்கள் கூடலூர், பந்தலூர் மலையில் இருந்து இறங்கும் பாண்டியாறும் மற்ற ஓடைகளும் கேரளத்துக்குள் போய் நிலம்பூர் பக்கம் சாலியாற்றில் சேர்கின்றன. இந்த ஓடைகளில் மரவை என்ற மரத்தட்டில் மணலை அள்ளி அரித்துப் பொன் எடுப்பது பல தலைமுறைப் பழக்கம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: "ஆறு பொன் விளைவிக்கும். இந்த வருஷம் சுத்தமாக அரித்து எடுத்த இடத்திலேயே அடுத்த மழை முடிந்ததும் மறுபடி கிடைக்கும்."

பள்ளிக்கூடத்தில் படித்தது வேறு. பாறையில் இருக்கும் தங்கம் உடைந்து ஆற்றோடு வருகிறது என்று படித்தோம். இப்போது பாக்டீரியா தங்கம் செய்கிறது என்று ஒரு காணொளி எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. மூன்றில் எது சரி? தங்கம் மட்டும்தானா, வேறு உலோகங்களும் ஆற்று மண்ணில் தனி உலோகமாகவே கிடைக்குமா?

கல்லும்மண்ணும்

நல்ல கேள்வி தம்பி. நான் புவியியல் படித்து, களப்பணியில் பல வருடம் இருந்தவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரும்பு, அலுமினியம், ஈயம் எல்லாம் இயற்கையில் பெரும்பாலும் ஆக்சிஜனோடோ கந்தகத்தோடோ கட்டுண்டுதான் கிடக்கும். தங்கமும் பிளாட்டினமும் அப்படிச் சுலபமாகச் சேராது. மழை, வெயில், காற்று எல்லாம் பட்டும் உலோகமாகவே நிற்கும். பாறை மக்கிப் போகும்போது மற்ற கனிமங்கள் களிமண்ணாகவும் துருவாகவும் மாற, தங்கம் தங்கமாகவே வெளியே வரும்.

அடுத்தது எடை. சாதாரண மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அடர்த்தி 2.65. தூய தங்கத்தின் அடர்த்தி 19.3. வெள்ளி கலந்திருந்தால் கொஞ்சம் குறையும். ஒரே வேகத்தில் ஓடும் தண்ணீர் மணலை அடித்துக்கொண்டு போய்விடும், தங்கம் தங்கிவிடும். வேகம் தளரும் இடங்களைப் பாருங்கள்: ஆறு வளையும்போது உள்வளைவில் சேரும் சரளை, பெரிய பாறையின் பின்பக்கம், அடிப்பாறையின் விரிசல்கள், சரளைக்குக் கீழே இறுகிக் கிடக்கும் களிமண் அடுக்கின் மேல்மட்டம். தங்கம் அங்கேதான் அடையும். கூடவே மேக்னடைட், இல்மனைட், கார்னெட், சிர்கான் போன்ற கனமான மணிகளும் ஒதுங்கும். மரவையைச் சுழற்றும்போது கடைசியில் மிஞ்சும் கருமணல் அதுதான். கருமணல் வராத இடத்தில் பெரும்பாலும் பொன்னும் வராது.

சாதாரணப் பாறையில் ஒரு டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம்தான் இருக்கும். அதைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் திரட்டுவது இரண்டு கட்ட வேலை. முதல் கட்டம் பூமிக்குள் சில கிலோமீட்டர் ஆழத்தில் நடக்கிறது. சூடான உப்புநீர் பாறை முழுக்கச் சிதறிக் கிடக்கும் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு வந்து விரிசல்களில் குவார்ட்ஸோடு சேர்த்துப் படிய வைக்கிறது. இரண்டாம் கட்டம்தான் ஆறு.

அரித்த இடத்தில் மறுபடி கிடைப்பதற்குப் புது விளைச்சல் தேவையில்லை. வெள்ளம் வந்தால் மேலே இருக்கும் பழைய சரளை நகரும், கரை சரியும், முன்பு ஆறு ஓடிய மேட்டுப் படிவங்கள் அறுபடும். அதில் புதைந்திருந்த துகள்கள் வெளியே வந்து அதே வளைவில், அதே பாறைக்குப் பின்னால் மறுபடி ஒதுங்கும். ஏனென்றால் தண்ணீர் வேகம் தளரும் இடம் மாறவில்லை. பெரியவர்கள் கண்ணால் பார்த்தது முழு உண்மை. அதற்கான காரணம்தான் வேறு.

கனிமவேட்டை

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இதை முழுதாக ஏற்க முடியவில்லை.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் 1869இல் மோலியாகுல் என்ற இடத்தில் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் இருவரும் 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டியை எடுத்தார்கள். மரத்து வேர்ப்பக்கம், தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே கிடந்தது. சுமார் 70 கிலோ தங்கம். அங்கிருந்த தராசில் வைக்க முடியாமல் உடைத்துத்தான் எடை போட்டார்கள். அதே வட்டாரத்தின் குவார்ட்ஸ் சுரங்கங்களில் இந்த அளவுக் கட்டி கிடைப்பது மிக மிக அரிது. பாறையில் இருந்து உடைந்து வந்தது என்றால், உருண்டு வரும் வழியில் சின்னதாகத்தானே ஆக வேண்டும்? ஓடைச் சரளையிலும் மேல்மண்ணிலும் பாறையில் இருப்பதைவிடப் பெரிசாகக் கிடைக்கிறது என்றால் அங்கேதானே வளர்ந்திருக்க வேண்டும்? இது நானாகக் கிளப்பும் சந்தேகம் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே புவியியலாளர்கள் இதை வைத்து வாதம் செய்திருக்கிறார்கள்.

கல்லும்மண்ணும்

வாதம் வலுவானதுதான், அதனால்தான் அது நூறு வருடத்துக்கு மேல் நின்றது. அதைச் சோதிக்க நேரான வழி ஒன்று உண்டு: கட்டியை அறுத்து உள்ளே பார்ப்பது. தங்கக் கட்டி சேகரிப்பவர்கள் யாரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு அமைப்பில் ராபர்ட் ஹஃப் குழுவினர் அதைச் செய்து 2007இல் வெளியிட்டார்கள். கட்டிகளை வெட்டி, மெருகிட்டு, படிக அமைப்பைப் பார்த்தார்கள். உள்ளே கணிசமான வெள்ளி கலந்திருந்தது. படிகங்கள் பெரியவை, அதிக வெப்பத்தில் உருவான உலோகத்துக்குரிய அமைப்பு. மேற்பரப்பில் சாதாரண வெப்பநிலையில் நீரில் இருந்து படியும் தங்கம் இப்படி இருக்காது. அது வெள்ளி ஏறக்குறைய இல்லாத, மிக நுண்ணிய படிகம். ஆக அந்தக் கட்டிகள் ஆழத்தில் பிறந்தவை. மண்ணில் கிடந்த காலத்தில் ஓரம்தான் மாறியிருக்கிறது.

சுரங்கத்தில் ஏன் அத்தனை பெரிசாகக் கிடைப்பதில்லை என்றால், நாம் தோண்டிய சுரங்கம், பாறை விரிசலில் படிந்த குவார்ட்ஸ் நரம்பின் இன்றைய மிச்சத்தைத்தான் பார்க்கிறது. அதற்கு மேலே இருந்த பெரும்பகுதி பல கோடி வருடங்களில் அரித்துப் போயாயிற்று. அத்தனை பாறையில் இருந்த பெரிய கட்டிகள் எல்லாம் கீழே மண்ணில் சேர்ந்து கிடக்கின்றன. நாம் ஒப்பிடுவது மிச்சத்தையும் மொத்தச் சேமிப்பையும்.

குவார்ட்ஸுக்குள் எப்படி இவ்வளவு பெரிசாகத் திரள்கிறது என்பதற்கு 2024இல் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்து ஓர் அழகான யோசனை வந்தது. குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் உண்டாகும். நிலநடுக்கம் வரும்போதெல்லாம் அந்த மின்னழுத்தம் கரைசலில் இருக்கும் தங்கத்தை உலோகமாகப் படிய வைக்கும், அதுவும் ஏற்கெனவே இருக்கும் தங்கத்தின் மேலேயே படிய வைக்கும். ஏனென்றால் தங்கம் நல்ல கடத்தி. ஆய்வகத்தில் குவார்ட்ஸை அதிரவைத்து இதைச் செய்து காட்டினார்கள்.

உரைகல்

நான் கோவையில் நகைப் பட்டறை வைத்திருப்பவன், பரம்பரைத் தொழில். மேலே சொன்ன 'ஓரம் மாறியிருக்கிறது' என்ற இடத்தில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

ஆற்றுப் பொன் என்று கொண்டுவந்து கொடுப்பதை உரைகல்லில் தேய்த்தால், முதல் உரசலில் நல்ல மஞ்சள், உயர்ந்த மாற்று, அதாவது தூய்மை, காட்டும். அதே மணியை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்து அடுத்த கோட்டைப் பார்த்தால் நிறம் வெளுக்கும், மாற்று இறங்கும். தொழில் பழகும் பையன்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். மேல்தோலை நம்பி விலை பேசாதே, நன்றாகத் தேய்த்துப் பார். ஆற்று மணிக்கு மேலே ஒரு மெல்லிய சுத்தத் தங்கத் தோல் உண்டு, உள்ளே வெள்ளி கலந்த தங்கம்.

ஆற்றுத் தண்ணீர் வெள்ளியைக் கரைத்துவிட்டது, தங்கம் மிஞ்சியது என்று பலரும் சொல்வார்கள். பட்டறை அனுபவத்தில் அது அவ்வளவு லேசாக நடக்காது. பழைய நகையில் இருந்து திராவகம் விட்டு வெள்ளியைப் பிரிக்கும்போது நாங்கள் முதலில் என்ன செய்வோம் தெரியுமா? இன்னும் வெள்ளி சேர்ப்போம். ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி இருக்கும்படி உருக்கி, மெல்லிய தகடாக்கி, அப்புறம்தான் நைட்ரிக் திராவகத்தில் போடுவோம். வெள்ளி குறைவாக இருந்தால் மேலே இருக்கும் வெள்ளி மட்டும் கரையும். பிறகு தங்க அணுக்கள் வழியை மூடிக்கொள்ளும், திராவகம் உள்ளே இறங்காது. கொதிக்கக் கொதிக்க வைத்தாலும் அதே கதைதான். காய்ச்சிய திராவகமே உள்ளே போக முடியாத இடத்தில் ஆற்றுத் தண்ணீர் எப்படிப் போகும்? அதனால் அந்தத் தோல் வெறுமனே கரைந்து மிஞ்சியது என்பதில் எனக்குச் சமாதானம் இல்லை. பெரியவர்கள் யாராவது விளக்கினால் தெரிந்துகொள்கிறேன்.

கல்லும்மண்ணும்

ஐயா, நீங்கள் எழுப்பிய இதே கேள்வியில்தான் இந்தத் துறையே பல வருடம் நின்றது.

திடமான உலோகத்துக்குள் வெள்ளி அணு தானாக நகர்ந்து வெளியே வரும் வேகம் சாதாரண வெப்பநிலையில் மிக மிகக் குறைவு. ஆனால் தோல் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை தடிமன் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி வெறும் கரைப்பு இதை விளக்காது. 1990இல் குரோயன், கிரெய்க், ரிம்ஸ்டிட் மூவரும் சொன்ன விளக்கம் இது: மணியின் மேற்பரப்பில் தங்கமும் வெள்ளியும் இரண்டுமே கரைகின்றன. வெள்ளி தண்ணீரோடு போய்விடுகிறது. தங்கம் கரைந்த நொடியே அதே மணியின் மேல் திரும்பப் படிகிறது. மின்முலாம் பூசும்போது நடப்பதுதான், ஆனால் மின்கலம் வெளியே இல்லை, மணியே கலமாக இருக்கிறது. இப்படித் துளித்துளியாகக் கரைந்து படிந்து தோல் உள்நோக்கி வளர்கிறது.

பந்தலூரான் தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு இங்கே பாதிப் பதில் இருக்கிறது. அந்தத் தோலில் உள்ள தங்கம் உண்மையிலேயே ஆற்று மண்ணில் புதிதாகப் படிந்த உலோகம். மலையில் இருந்து வந்தது அதற்கு உள்ளே இருக்கும் மணி.

கனிமவேட்டை

அப்படியானால் விளைவதும் நடக்கிறது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்!

கல்லும்மண்ணும்

நடக்கிறது, அளவு என்ன என்பதுதான் பேச்சு. மைக்ரோமீட்டர் கணக்கில் நடப்பதை வைத்துக் கிலோ கணக்கில் கிடைக்கும் கட்டியை விளக்க முடியாது.

நுண்ணுயிர்த்தோழி

பாக்டீரியா பக்கம் நான் சொல்கிறேன். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். காணொளிகளில் வருவது எப்போதும் கடைசி வரிதான். 'பாக்டீரியா தங்கம் கழிக்கிறது' என்று தலைப்புப் போட்டுவிட்டு முடித்துவிடுவார்கள். உள்ளே நடப்பது அதைவிட ரொம்பச் சுவையானது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எந்த உயிரியும் வேறு தனிமத்தில் இருந்து தங்கத்தை உண்டாக்காது. தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் தங்கச் சேர்மத்தை உலோகமாகத் திருப்புகிறது, அவ்வளவுதான். கரைந்த தங்கம் எங்கிருந்து வந்தது? மண்ணில் குளோரைடு, தயோசல்ஃபேட், இலைமக்கில் இருந்து வரும் அமிலங்கள் எல்லாம் மிகச் சிறு அளவில் தங்கத்தைக் கரைக்கும். சில மண் பாக்டீரியாக்கள் சயனைடே சுரக்கும். 'குரோமோபாக்டீரியம் வயலேசியம்' என்ற ஊதா நிற பாக்டீரியா அதற்குப் பேர்போனது.

கரைந்த தங்கம் உயிரணுவுக்கு விஷம். அதனால் அதைச் சமாளிக்கத் தெரிந்த உயிரிகளுக்குத்தான் பொன்மணியின் மேல் குடியிருக்க முடியும். 'குப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ்' அப்படி ஒன்று. முதலில் 1976இல் பெல்ஜியத்தில் ஒரு துத்தநாகத் தொழிற்சாலைத் தொட்டியில் இருந்து பிரித்தெடுத்தார்கள். 2006இல் ஃபிராங்க் ரைத் குழு ஆஸ்திரேலியாவின் கிட்ஸ்டன், டோமாக்கின் பார்க் என்ற இரண்டு இடத்துப் பொன்மணிகளைப் பார்த்தார்கள். மணிகளின் மேல் உயிர்ப்படலம், அதாவது நுண்ணுயிர்கள் ஒட்டி வாழும் மெல்லிய படலம். அதில் இதே பாக்டீரியாவுக்கு மிக நெருங்கிய டி.என்.ஏ. சுற்றியிருந்த மண்ணில் தேடினால் அது இல்லை. 2009இல் ஆய்வகத்தில் தங்கக் கரைசல் கொடுத்துப் பார்த்தபோது, அது விஷத்தை உள்ளே இழுத்து, நொதிகளின் துணையால் உலோகத் துகளாக்கி ஒதுக்கியது. துகளின் அளவு நானோமீட்டர். உலோகமாகிவிட்டால் பாக்டீரியாவுக்குத் தொல்லை இல்லை.

'டெல்ஃப்டியா அசிடோவோரன்ஸ்' இன்னொரு வழி வைத்திருக்கிறது. விஷத்தை உள்ளேயே விடாது. டெல்ஃப்டிபாக்டின் என்ற ஒரு மூலக்கூற்றை வெளியே சுரக்கும், தங்கம் உயிரணுவுக்கு வெளியிலேயே படிந்துவிடும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டுபிடித்து 2013இல் வெளியிட்டார்கள்.

ஆக உரைகல் ஐயா சொன்ன மேல்தோலில் கொஞ்சம் இந்த உயிரிகளின் கைவேலையும் சேர்ந்திருக்கலாம். மின்வேதி ஒரு பக்கம், உயிரி ஒரு பக்கம். இரண்டும் ஒரே மணியில் நடக்கலாம்.

கனிமவேட்டை

அலாஸ்கா மணிகளைப் பற்றியும் சொல்லுங்கள். பாக்டீரியா உருவத்திலேயே தங்கம் கிடைத்தது என்று படங்கள் பார்த்திருக்கிறேன்.

நுண்ணுயிர்த்தோழி

அது ஜான் வாட்டர்சன் 1992இல் எழுதியது. அலாஸ்கா ஓடைப் பொன்னை மின்னணு நுண்ணோக்கியில் வைத்தபோது, மொட்டு விடும் பாக்டீரியா போலவே வலைப்பின்னல் உருவம் தெரிந்தது. பாக்டீரியாவின் மேல் தங்கம் படிந்து அதன் உருவம் அப்படியே நின்றுவிட்டது என்று விளக்கினார். பிறகு 1994இல் அவரே இன்னொரு கட்டுரை எழுதினார். பாதரசம் கலந்த ஓடைப் பொன்னை நைட்ரிக் அமிலத்தில் கழுவினால், உயிரியே இல்லாமலும் அதே மாதிரி உருவங்கள் வருகின்றன என்று காட்டினார். ஆய்வு செய்பவர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் மாணவர்களுக்கு நான் இதை எப்போதும் சொல்வேன். உருவத்தை மட்டும் பார்த்து உயிர் என்று முடிவு கட்டக்கூடாது. டி.என்.ஏ., வேதிப்பொருள், வளர்ப்புச் சோதனை எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் காட்ட வேண்டும்.

பந்தலூரான்

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி. எங்கள் ஊருக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கச் சுரங்கம் தோண்டினார்கள், பழைய குழிகள் இன்னும் இருக்கின்றன. ஆற்றில் இருப்பது அந்தப் பாறைத் தங்கம்தானா? நிலம்பூர்ப் பொன்னை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

கல்லும்மண்ணும்

ஆராய்ந்திருக்கிறார்கள், அதுவும் நம் பேச்சுக்கு மிக நெருக்கமாக.

முதலில் சுரங்கக் கதை. விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித்தை அழைத்து, தேவாலாவும் சேர்ந்த அன்றைய வயநாட்டுத் தங்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். 1880இல் அவர் அறிக்கை வந்தது. உடனே லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்கு விற்பனை சூடு பிடித்தது, தேவாலா காட்டுக்குள் குவார்ட்ஸ் நொறுக்கும் இயந்திரங்கள் வந்து இறங்கின. எதிர்பார்த்த தங்கம் கிடைக்கவில்லை. சில வருடங்களில் எல்லாம் சரிந்தது. அந்தக் குவார்ட்ஸ் நரம்புகள்தான் உங்கள் ஓடைப் பொன்னுக்கு முதல் தாய்வீடு.

ஆனால் நரம்புக்கும் ஆற்றுக்கும் நடுவே இன்னொரு இடம் இருக்கிறது. அதைத்தான் நாம் இதுவரை பேசாமல் விட்டுவிட்டோம்: செம்பூரான் கல், லேட்டரைட். நிலம்பூர் வட்டாரம் முழுக்க அது கனமாகப் போர்த்தியிருக்கிறது. கடும் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்துப் பாறை பல மீட்டர் ஆழத்துக்கு மக்கி, இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய படிவம் அது. சந்தோஷ், ஓமனா இருவரும் அந்த லேட்டரைட்டில் இருந்து எடுத்த பொன்னை ஆராய்ந்து 1991இல் 'ஜியாலஜி' இதழில் எழுதினார்கள். கட்டுரைத் தலைப்பே, நிலம்பூரின் லேட்டரைட் படிவத்தில் மிக உயர்ந்த தூய்மையுள்ள தங்கம் என்பதுதான்.

இதை ஏன் இவ்வளவு முக்கியமாகச் சொல்கிறேன்? ஆற்று மணியில் தோல் மட்டும் சுத்தம், உள்ளே வெள்ளி. லேட்டரைட்டில் முழு மணியே வெள்ளி இல்லாமல் சுத்தமாக இருந்தால், அது கரைந்து மறுபடி படிந்த தங்கம் என்பதற்கு நல்ல சான்று. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும், கோடையில் இறங்கும். இரும்பு கரைந்து ஆக்சிஜன் பட்டுத் துருவாகும்போது தண்ணீர் அமிலமாகும். அதில் உப்பும் மக்கும் இருந்தால் தங்கம் கொஞ்சம் கரையும். கீழே ஆக்சிஜன் குறைந்து, கரைந்த இரும்பு நிறைய இருக்கும் மட்டத்துக்கு வந்ததும் அந்த இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்துத் தங்கத்தை உலோகமாகத் தள்ளிவிடும். இது லட்சக்கணக்கான வருடம் திரும்பத் திரும்ப நடக்கிறது. அப்புறம் ஓடை அந்த லேட்டரைட்டை அறுத்து மணியை ஆற்றில் சேர்க்கிறது.

அதனால் சாலியாற்று மணல் ஒரு கை அள்ளினால், அதில் இரண்டு வம்சம் கலந்து கிடக்கும். ஆழத்தில் குவார்ட்ஸில் பிறந்து வந்தது ஒன்று, செம்பூரான் கல்லுக்குள் மழைநீரில் பிறந்தது இன்னொன்று. உங்கள் பெரியவர்கள் 'விளைகிறது' என்று சொன்னதற்கு உரிய இடம் ஆற்றுப் படுகையைவிட அதன் கரையில் இருக்கும் சிவப்பு மண்தான் என்பது என் கருத்து.

ஆற்றோரம்

நடுவில் வருகிறேன். மற்ற உலோகங்களைப் பற்றிக் கேட்டாரே, யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

பிளாட்டினம்: ரஷ்யாவின் யூரல் மலை ஆறுகளில் ஒரு காலத்தில் அள்ளினார்கள். 1828 முதல் 1845 வரை பிளாட்டினத்தில் நாணயமே அடித்தார்கள். அந்த மணிகளோடு குரோமைட் என்ற குரோமியத் தாது ஒட்டியே கிடைக்கும். நிஸ்னி தாகில் பக்கத்து டியூனைட் பாறையிலும் அதே சேர்க்கை. பாறைக்குழம்பு உறையும்போது பிறந்தது என்பதில் அங்கே பெரிய சந்தேகம் இல்லை.

நிக்கல்-இரும்பு: நியூசிலாந்தின் கார்ஜ் ஆற்று மணலில் 1885இல் அடையாளம் கண்டார்கள், அவாருவைட் என்று பேர். தண்ணீர் பட்டுச் செர்பென்டைன் என்ற கனிமமாக மாறும் பாறையில் ஹைட்ரஜன் வெளிவரும், அந்தச் சூழலில் நிக்கலும் இரும்பும் உலோகமாகவே படியும். ஆறு அதைச் சுமந்து வந்தது மட்டும்தான்.

தாமிரம்: அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஒன்டனாகன் ஆற்றங்கரையில் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள தனித் தாமிரப் பாறை கிடந்தது. 1843இல் வாஷிங்டனுக்குக் கொண்டு போனார்கள். எரிமலைப் பாறையில் பிறந்தது, அங்கே இழுத்து வந்து போட்டது பனியாறு.

நுண்ணுயிர்த்தோழி

பிளாட்டினத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு அண்ணா. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பொம் சுசெஸ்ஸோ ஓடையில் பிளாட்டினமும் பல்லேடியமும் திராட்சைக் கொத்து வடிவில் கிடைக்கின்றன. பாறைக்குழம்பில் பிறந்த படிகத்துக்கு அந்த உருண்டை அடுக்கு வடிவம் வராது. குறைந்த வெப்பத்தில் நீரில் இருந்து அடுக்கடுக்காகப் படிந்தது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். 2016இல் ரைத் குழு பிரேசில், கொலம்பியா, ஆஸ்திரேலியா மூன்று நாட்டுப் பிளாட்டின மணிகளின் மேலும் உயிர்ப்படலம் இருப்பதைக் காட்டியது. தங்கத்துக்கு மட்டும் உள்ள கதை இல்லை இது.

கனிமவேட்டை

அப்படியானால் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட்? மனிதன் இதுவரை தோண்டியெடுத்த தங்கத்தில் மிகப் பெரிய பங்கு அங்கிருந்து வந்தது. அதுவும் பழைய ஆற்றுச் சரளை. அத்தனையும் வெறுமனே உருண்டு வந்ததா?

கல்லும்மண்ணும்

இங்கேதான் உங்கள் பக்கத்துக்கு உண்மையான பலம் இருக்கிறது. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

அந்தச் சரளை சுமார் 290 கோடி முதல் 270 கோடி வருடத்துக்கு முந்தியது. அதில் பைரைட் என்ற இரும்புச் சல்பைடும் யுரேனினைட் என்ற யுரேனியத் தாதுவும் ஆற்றில் உருண்ட மணிகளாகவே கிடக்கின்றன. இன்றைய ஆற்றில் அவை ஆக்சிஜன் பட்டு அழிந்துவிடும். அன்று காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. 2002இல் ஜான் கிர்க் குழு, கதிரியக்கச் சிதைவை வைத்து வயது கணக்கிடும் ரீனியம்-ஆஸ்மியம் முறையில் தங்கத்துக்கே வயது கணக்கிட்டபோது சுமார் 303 கோடி வருடம் வந்தது. சரளையைவிட மூத்த தங்கம். அதாவது வேறு எங்கோ பிறந்து வந்து சேர்ந்தது.

2015இல் சூரிச்சின் கிறிஸ்டோஃப் ஹைன்ரிக் வேறு கோணத்தில் கேட்டார். ஆக்சிஜன் இல்லாத, எரிமலைக் கந்தகம் நிறைந்த மழை பெய்த உலகத்தில், ஆற்றுத் தண்ணீரே ஹைட்ரஜன் சல்பைடால் தங்கத்தைக் கரைத்துச் சுமந்திருக்க முடியும். கரையோரம் படர்ந்திருந்த நுண்ணுயிர்ப் பாயில் பட்டதும் அது படிந்திருக்கும். அங்கே கரிமப் படலங்களில் தங்கம் செறிந்து கிடப்பது அவர் வாதத்துக்குப் பொருந்துகிறது. இதற்கு மேல், பின்னாளில் சூடான நீர் புகுந்து பாதியை இடம் மாற்றியது என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது.

இன்றைய ஆற்றைப் பார்த்து அன்றைய ஆற்றை முடிவு செய்ய முடியாது. காற்று வேறு, மழை வேறு, வேதியியலே வேறு. ஹைன்ரிக் சொன்னது பாதி சரியாக இருந்தாலும், நதி தன் கையால் தங்கம் படிய வைத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது என்று ஆகும். இந்த ஒரு விஷயத்தில் நான் கதவைச் சாத்த மாட்டேன்.

உரைகல்

இத்தனை படித்ததில் ரொம்ப சந்தோஷம். ஒரு எச்சரிக்கையை மட்டும் இங்கே பதிவு செய்ய வேண்டும். இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது மணல் அரிக்கக் கிளம்பினால், பாதரசம் பக்கமே போகாதீர்கள். மாவுப் பொன்னைப் பாதரசத்தில் ஒட்டவைத்து, அப்புறம் அடுப்பில் காய்ச்சி எடுப்பார்கள். அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது, மூச்சில் ஏறி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆற்றில் கலந்தால் மீன் வழியாக எல்லோர் வீட்டுச் சட்டிக்கும் வரும். எங்கள் தொழிலில் கை நடுங்கிப்போன பெரியவர்களைப் பார்த்தவன் நான். அரித்து வருவது போதும், மிச்சத்தை ஆற்றிலேயே விடுங்கள்.

கல்லும்மண்ணும்

முழுக்க வழிமொழிகிறேன். ஆய்வுக்கும் அது கெடுதல். பழைய சுரங்கக்காரர்கள் பாதரசம் கொட்டிய ஆறுகளில் பொன்மணிகளின் மேல் பாதரசம் ஏறி, இயற்கையான தோல் எது, மனிதன் செய்தது எது என்று பிரிக்கவே திண்டாட வேண்டியிருக்கிறது.

பந்தலூரான்

வீட்டில் தாத்தா காலத்து ஆற்றுப் பொன் குன்றிமணி அளவில் கொஞ்சம் இருக்கிறது. அதைப் பார்த்து எந்த வம்சம் என்று சொல்ல முடியுமா?

கல்லும்மண்ணும்

கண்ணாலும் லென்ஸாலும் கொஞ்சம் தெரியும். பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் போதும், வெயிலில் வைத்துப் பாருங்கள்.

மணியில் எங்காவது வெள்ளைக் குவார்ட்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? படிக முனைகள் கூர்மையாக நிற்கின்றனவா? அப்படியானால் பாறையில் இருந்து அதிக தூரம் வரவில்லை. தங்கம் மென்மையானது, கூழாங்கல்லோடு உருண்டால் சீக்கிரமே முனை மழுங்கும், தட்டையாகும், ஓரம் உள்பக்கமாக மடிந்துகொள்ளும். மடிந்த ஓரமும் தேய்ந்த முகமும் இருந்தால் நீண்ட பயணம். குழிகளுக்குள் மட்டும் நிறம் ஆழ்ந்த மஞ்சளாக, மேடுகளில் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தால், மேட்டில் தோல் தேய்ந்து உள்ளே இருக்கும் வெள்ளி கலந்த தங்கம் எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். குழிக்குள் செம்மண் இறுகியிருந்தால் கழுவிவிடாதீர்கள். அது லேட்டரைட்டில் கிடந்ததன் அடையாளம்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு மணியைப் பிசினில் பதித்து, பாதியாகத் தேய்த்து மெருகிட்டு, மின்னணு நுண்பகுப்பானில் நடுவில் இருந்து ஓரம் வரை வெள்ளி எவ்வளவு என்று அளக்க வேண்டும். நடுவில் வெள்ளி இருந்து ஓரத்தில் திடீரென்று இறங்கினால் மலைத் தங்கம், மேலே ஆற்றுத் தோல். நடுவில் இருந்தே வெள்ளி இல்லை என்றால் சிவப்பு மண் தங்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மணியை இழக்க மனம் வந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள் தம்பி. நான் படித்த துறையில் கேட்டுப் பார்க்கிறேன்.

பந்தலூரான்

அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் சார். ஒன்று தருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். செம்மண் ஒட்டியதாகவே பார்த்து எடுக்கிறேன்.

உரைகல்

கொடுப்பதற்கு முன் உரைகல்லில் தேய்த்துவிடாதீர்கள் தம்பி, தோல் போய்விடும்.